சின்ன நாட்டுக்கு எந்த உளவு அமைப்பு பொருந்தும்? நான்கு வழிகளும் அவற்றின் மறைமுக விலையும்

பாதுகாப்புக் கொள்கை படிக்கும் மாணவர்களும் போட்டித் தேர்வுக் கட்டுரைக்குத் தயாராகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: ஒரு சின்ன நாட்டுக்குத் தனியாக உளவுத்துறை வேண்டுமா, போலீசுக்குள் ஒரு பிரிவு போதாதா? பெரிய நட்பு நாடு ஒன்று உலகம் முழுவதையும் ஒட்டுக்கேட்டுக்கொண்டிருக்கும்போது நாமும் ஏன் காசைக் கரியாக்க வேண்டும்? கேட்பவர்கள் பெரும்பாலும் இரண்டு முழக்கங்களுக்கு நடுவில் சிக்கியிருப்பார்கள். உளவுத்துறை இல்லாத நாடு கண்ணில்லாத நாடு என்பது ஒன்று. உளவுத்துறை என்றாலே ஆட்சியில் இருப்பவர் எதிராளியை வேவு பார்க்க வைத்திருக்கும் ஆள்படை என்பது மற்றொன்று. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் எந்த அமைப்பைத் தேர்ந்தெடுப்பது என்று முடிவெடுக்க இரண்டுமே உதவாது.

சின்ன நாடு என்று இங்கே நான் சொல்வது ஏறத்தாழ ஒரு கோடிக்குள் மக்கள் வாழும் நாட்டை. இலங்கை அந்த வரம்புக்கு வெளியே இருக்கிறது. ஆனாலும் அது தரும் பாடத்தை விட்டுவிட்டு இந்தப் பேச்சைத் தொடங்க முடியாது.

பாதுகாப்புச் சேவை, உளவுச் சேவை இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நம் ரகசியத்தைக் காப்பது, நம் ஊருக்குள் வேலை பார்க்கும் அயல்நாட்டு உளவாளியைக் கண்டுபிடிப்பது, குண்டு வைக்கத் திட்டமிடுகிறவரை முன்கூட்டியே அறிவது ஆகியவை பாதுகாப்புச் சேவையின் வேலை. எல்லைக்கு வெளியே யார் என்ன நினைக்கிறார்கள் என்று அறிவது உளவுச் சேவையின் வேலை. எவ்வளவு சின்ன நாடானாலும் முதல் வேலையை யாராவது செய்துதான் ஆக வேண்டும். இரண்டாவதை எவ்வளவு தூரம் செய்வது என்பதில்தான் கை நீளத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

## முதலில் அளவுகோல்கள்

துப்பு யார் மேசையில் போய் நிற்கிறது? என் கணக்கில் இதுதான் தலையாய அளவுகோல். 2019 ஏப்ரல் 4 அன்று இந்தியாவிலிருந்து இலங்கையின் அரச புலனாய்வுச் சேவைக்கு எச்சரிக்கை வந்தது. தாக்குதல் நடந்தது ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறு. இடையில் 17 நாட்கள். தேவாலயங்களிலும் விடுதிகளிலும் 260-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். துப்பு தரமானது, நேரத்துக்கு வந்தது, பெயர்களோடு வந்தது. அது புலனாய்வுத் தலைமையிலிருந்து பாதுகாப்பு அமைச்சகத்துக்கும், அங்கிருந்து போலீஸ் தலைமைக்கும் கடிதமாக நகர்ந்தது. ஒவ்வொரு மேசையிலும் ஒருவர் அதை அடுத்தவருக்கு அனுப்பிவிட்டுத் தன் கடமை முடிந்ததாக நினைத்தார். 2018 அக்டோபரில் ஜனாதிபதிக்கும் பிரதமருக்கும் இடையே வெடித்த அரசியல் நெருக்கடிக்குப் பிறகு பிரதமரைத் தேசியப் பாதுகாப்புச் சபைக் கூட்டங்களுக்கு அழைப்பதையே நிறுத்தியிருந்தார்கள். தேவாலயங்களுக்கு யாரும் சொல்லவில்லை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், தாக்குதலின்போது ஜனாதிபதியாக இருந்தவர் 10 கோடி ரூபாய் இழப்பீடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. போலீஸ் தலைவராகவும் அரச புலனாய்வுச் சேவையின் தலைவராகவும் அப்போது இருந்தவர்கள் தலா 7.5 கோடி கட்ட வேண்டியிருந்தது.

இதைப் படித்தபின் "நமக்கு இன்னும் அதிகத் துப்பு வேண்டும்" என்று ஒருவர் சொன்னால், அவர் வேறு ஏதோ கோப்பைப் படித்திருக்கிறார் என்றுதான் நினைப்பேன். எந்த அமைப்பை எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டியது, வந்த துப்பைப் படித்து "இதற்கு இன்றே இன்னது செய்" என்று சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே.

ஆளுக்கு ஆள் தெரிந்த ஊர். பெரிய நாட்டில் உளவு அதிகாரி கூட்டத்தில் கரைந்துவிடுவார். ஐந்து லட்சம் பேர் வாழும் நாட்டில் அவருடைய மைத்துனர் எதிர்க்கட்சி வேட்பாளராக இருப்பார், அவரோடு படித்தவர் செய்தியாசிரியராக இருப்பார். சந்தேகத்துக்குரியவரின் திருமணத்துக்கு இவரே போய் வந்திருப்பார். ரகசியம் காப்பது கடினம், நடுநிலை காப்பது அதைவிடக் கடினம். ஆனால் இதே நெருக்கம் ஒரு வரமும்கூட: புதிய முகம் ஒன்று தெருவில் நடந்தால் ஊருக்கே தெரிந்துவிடும்.

அறியும் கையும் பிடிக்கும் கையும் ஒன்றா, வேறா? கைது செய்யும் அதிகாரமும் வேவு பார்க்கும் அதிகாரமும் ஒரே இடத்தில் குவிந்தால் வேகம் கிடைக்கும், கூடவே ஆபத்தும் கிடைக்கும்.

கண்காணிப்பவரைக் கண்காணிப்பவர் யார்? சின்ன நாடாளுமன்றத்தில் இதற்குத் தகுதியும் நேரமும் உள்ள உறுப்பினர்கள் கைவிரல் எண்ணிக்கையில்தான் இருப்பார்கள். அவர்களில் பாதிப்பேர் அடுத்த ஆண்டு அமைச்சர்களாகிவிடுவார்கள்.

கூட்டாளியின் நம்பிக்கை. உளவு உலகில் ஒரு எழுதாச் சட்டம் உண்டு, மூன்றாம் தரப்பு விதி என்பார்கள். நான் உனக்குத் தந்ததை என்னைக் கேட்காமல் இன்னொருவருக்குத் தராதே. நீதிமன்றத்துக்கோ நாடாளுமன்றக் குழுவுக்கோ கூடச் சில சமயம் தர முடியாது. வெளியிலிருந்து வரும் துப்பை நம்பி வாழும் நாட்டுக்கு இது கழுத்துச் சுருக்கு.

செலவு கடைசியில்தான் வருகிறது. சம்பளமும் கட்டடமும் பெரிய தொகையே இல்லை. உண்மையான செலவு வேறு இடங்களில் ஒளிந்திருக்கிறது, ஒவ்வொரு வழியிலும் அதைச் சொல்கிறேன்.

## வழி 1: போலீசுக்குள் ஒரு பிரிவு

நார்வேயின் பாதுகாப்புச் சேவை போலீஸ் அமைப்பின் ஒரு பகுதி. டென்மார்க்கிலும் அப்படியே. அயர்லாந்தில் தேசியப் பாதுகாப்பு தேசியப் போலீசின் பொறுப்பு, ராணுவத்துக்குள் சிறிய உளவுப் பிரிவு ஒன்று துணைக்கு இருக்கிறது. ராணுவமே இல்லாத ஐஸ்லாந்தில் தேசியப் போலீஸ் ஆணையரின் அலுவலகத்தில் ஒரு பிரிவு.

இதன் பலம், தூரம் குறைவு. துப்பு வந்த கட்டடத்திலேயே கைவிலங்கும் இருக்கிறது. ஊர்க்காவல் நிலையத்தில் இருக்கும் சாதாரணக் காவலர் சொல்லும் செய்தி மேலே போக ஒரே ஏணிதான். சின்ன ஊரில் அந்தச் செய்திதான் விலை மதிப்பில்லாதது.

நியூசிலாந்தில் தனி உளவுச் சேவை இருந்தும், 1985 ஜூலை 10 அன்று ஆக்லாந்து துறைமுகத்தில் கிரீன்பீஸ் என்ற சூழலியல் அமைப்பின் ரெயின்போ வாரியர் கப்பலைக் குண்டு வைத்து மூழ்கடித்தவர்களைப் பிடித்தது போலீஸ்தான். அதுவும் எப்படி? படகுக் கொட்டகைகளில் திருட்டு நடக்காமலிருக்க இரவுக் காவல் இருந்த உள்ளூர்க்காரர்கள் ஒரு வேனின் எண்ணைக் குறித்து வைத்திருந்தார்கள். வாடகை வேனைத் திருப்பிக் கொடுக்க வந்த "சுவிஸ் தம்பதி" பிரெஞ்சு உளவு அதிகாரிகள் என்பது அப்படித்தான் வெளிவந்தது. பிரான்சின் பாதுகாப்பு அமைச்சர் பதவி இழந்தார். நுண்கருவி ஏதுமில்லை, ஒரு பேனாவும் ஒரு துண்டுக் காகிதமும்.

இப்போது மறைமுக விலை. போலீஸ் மனம் குற்றத்தைத் தேடும் மனம். குற்றம் நடந்த பிறகு ஆதாரம் சேர்த்து வழக்குக் கட்டுவது அதற்குக் கைவந்த கலை. இன்னும் எந்தக் குற்றமும் செய்யாத ஒருவர் ஆபத்தாக மாறிக்கொண்டிருக்கிறார் என்பதை மோப்பம் பிடிப்பது வேறு கலை. 2011 ஜூலை 22 அன்று நார்வேயில் ஒரே ஆள் 77 பேரைக் கொன்றார். அவர் வெளிநாட்டிலிருந்து ரசாயனப் பொருள் வாங்கியதைச் சுங்கத்துறை கவனித்து, அந்தப் பெயரைப் பட்டியலோடு பாதுகாப்புச் சேவைக்கு அனுப்பியிருந்தது. பட்டியல் மேசையில் கிடந்தது. வேலைமுறை மேம்பட்டிருந்து, பார்வையும் அகன்றிருந்தால், அவர் முன்பே கண்ணில் பட்டிருக்கலாம் என்று அடுத்த ஆண்டு விசாரணை ஆணையம் எழுதியது. ஆனால் தாக்குதலைத் தடுத்திருக்க முடியும், தடுத்திருக்க வேண்டும் என்று சொல்ல அடிப்படை இல்லை என்றும் அதே ஆணையம் சொன்னது. அந்த இரண்டாவது வாக்கியத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் குறைவு.

இரண்டாவது விலை அரசியல் கட்டளை. 1982-இல் அயர்லாந்தில் இரண்டு பத்திரிகையாளர்களின் தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டன. பத்தாண்டு கழித்து, அப்போதைய நீதி அமைச்சர் வாய் திறந்ததும் பிரதமர் சார்ல்ஸ் ஹாகி 1992-இல் பதவி விலக நேர்ந்தது. போலீஸ் தலைவர் அமைச்சருக்குக் கட்டுப்பட்டவர் என்றால் உளவுப் பிரிவும் அதே கயிற்றில்தான் ஆடும்.

நார்வேயில் இதைவிட விசித்திரம். பனிப்போர்க் காலத்தில் இடதுசாரிகள் சட்டவிரோதமாகக் கண்காணிக்கப்பட்டதை லுண்ட் ஆணையம் 1996-இல் அம்பலப்படுத்தியது. அதே ஆண்டு இறுதியில், அந்த ஆணையத்தின் உறுப்பினர் ஒருவரையே போலீஸ் உளவுப் பிரிவு துருவிக்கொண்டிருந்தது தெரியவந்தது! பிரிவின் தலைவரும், நீதி அமைச்சராக இருந்தவரும் பதவி விலகினார்கள். நாடாளுமன்றம் தேர்ந்தெடுக்கும் நிரந்தரக் கண்காணிப்புக் குழு 1996-இல் உருவானது. அந்தக் குழு மட்டும் இல்லையென்றால் இந்த வழியை நான் பரிந்துரைக்கவே மாட்டேன்.

## வழி 2: தனிச் சேவை

இதற்குள் இரண்டு கிளைகள். கைது அதிகாரம் இல்லாதது ஒன்று, உள்ளது மற்றொன்று.

முதல் கிளைக்கு நியூசிலாந்து. 1956-இல் வெறும் அரசாணையால் தொடங்கப்பட்ட அதன் பாதுகாப்பு உளவுச் சேவைக்கு 1969-இல்தான் சட்டம் வந்தது. அதாவது 13 ஆண்டுகள் சட்டமில்லாமலேயே ஓடியது. அந்தச் சேவை யாரையும் கைது செய்ய முடியாது. போலீசிடம் சொல்ல வேண்டும். இந்தப் பிரிவினை குடிமகனுக்குப் பாதுகாப்பு. ஆனால் இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் ஒரு பள்ளமும் விழுகிறது, துப்பு அதில் விழுந்தும் விடலாம். சின்ன நாட்டில் ஆட்கள் குறைவு என்பதால், எதைப் பார்ப்பது என்ற தேர்வே எதைப் பார்க்காமல் விடுவது என்ற தேர்வாகிவிடுகிறது. 2019 மார்ச் 15 அன்று கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அரச ஆணையம், 2020 டிசம்பரில் வெளியான தன் அறிக்கையில், பாதுகாப்பு அமைப்புகளின் வளங்கள் இஸ்லாமியத் தீவிரவாதத்தின் மேல் பொருத்தமற்ற அளவுக்குக் குவிந்திருந்தன என்றது. ஆனால் அந்தத் தவறு இல்லாதிருந்தாலும் கொலையாளி தற்செயலாகத்தான் பிடிபட்டிருப்பார் என்றும் சேர்த்துச் சொன்னது. கண்காணிக்கப்பட்ட சமூகமே கொல்லப்பட்ட சமூகமாகவும் ஆன இந்தக் கதையை எந்தச் சின்ன நாடும் தன் சேவைக்கு ஆள் எடுக்கும் முன் ஒருமுறை படிக்கட்டும்.

நியூசிலாந்திலேயே தகவல்தொடர்புகளை ஒட்டுக்கேட்க இன்னொரு நிறுவனம் 1977 முதல் உண்டு. குடிமக்களையும் நிரந்தரமாக வசிப்பவர்களையும் வேவு பார்க்க அப்போதைய சட்டம் அதற்கு இடம் தரவில்லை. 2012-இல், அங்கே வசித்த இணையத் தொழிலதிபர் கிம் டாட்காம் விவகாரத்தில் அந்தக் கோடு மீறப்பட்டது தெரிந்தது. அடுத்த ஆண்டு நடந்த ஆய்வு, சட்டவிரோதமாகக் கண்காணிக்கப்பட்டிருக்கக்கூடியவர்கள் 88 பேர் என்றது. அந்த ஆய்வை எழுதிய ரெபெக்கா கிட்டரிட்ஜ் 2014-இல் பாதுகாப்பு உளவுச் சேவைக்கே தலைவரானார். குறை சொல்லவில்லை, தகுதியானவர்தான். ஆனால் கணக்கு பார்த்தவரே அடுத்த ஆண்டு பெட்டிச் சாவியையும் வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அந்த வட்டம் சிறியது.

இரண்டாவது கிளைக்கு எஸ்டோனியா. மக்கள்தொகை 14 லட்சத்துக்குள். பக்கத்தில் ரஷ்யா. 1991-இல் மீண்டும் உருவாக்கிய காப்போ என்ற பாதுகாப்புப் போலீஸ் தனி நிறுவனம்தான், ஆனால் குற்ற விசாரணை அதிகாரம் உண்டு. உளவாளியைக் கண்டுபிடிப்பதோடு நிற்காமல் வழக்கும் கட்டி நீதிமன்றத்தில் நிறுத்துகிறது. நேட்டோ ரகசியங்களைக் காக்கும் பொறுப்பில் பாதுகாப்பு அமைச்சகத்தில் இருந்த ஹெர்மன் சிம் 2008-இல் கைதானார், 2009-இல் 12 ஆண்டு 6 மாதச் சிறை. காப்போவின் சொந்த ஆள் அலெக்ஸி டிரெசன் 2012-இல் தேசத்துரோகத்துக்காகத் தண்டனை பெற்றார். 2014 செப்டம்பரில் ரஷ்யா எல்லையில் காப்போ அதிகாரி எஸ்டன் கோவர் கடத்தப்பட்டதும், ஓராண்டு கழித்து அதே டிரெசனுக்குப் பதிலாக அவர் திரும்பி வந்ததும் அந்த நாட்டு மக்களுக்கு நன்றாகத் தெரியும்.

பல நாடுகள் மூடி மறைக்கும் விஷயத்தை எஸ்டோனியா மேடையில் வைத்துப் பேசுகிறது. 1998 முதல் காப்போ ஆண்டறிக்கையைப் பொதுவெளியில் தருகிறது, பிடிபட்டவர்களின் பெயரோடு. "உள்ளே துரோகி இருந்தான்" என்று ஒப்புக்கொள்வது அவமானம் என்று நினைத்தால் கூட்டாளிகளின் நம்பிக்கை மெல்ல வடியும். பிடித்து, சொல்லி, தண்டித்தால் நம்பிக்கை ஏறும். சின்ன நாட்டுக்கு இதைவிட மலிவான முதலீடு எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கிளையின் இருண்ட முகமும் உண்டு. சிங்கப்பூரின் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கைது அதிகாரம் மட்டுமல்ல, விசாரணையின்றித் தடுத்து வைக்க வழிசெய்யும் சட்டமும் பின்னால் நிற்கிறது. 2001 இறுதியில் ஜெமா இஸ்லாமியா என்ற தீவிரவாத வலையமைப்பை அது முறியடித்தது. முதல் துப்பு உள்ளூர் முஸ்லிம் சமூகத்திலிருந்தே வந்தது. அதே சட்டத்தின் கீழ் நாடாளுமன்ற உறுப்பினராயிருந்த சியா தை போ 1966 முதல் 1989 வரை வழக்கே இல்லாமல் அடைபட்டுக் கிடந்தார், கட்டுப்பாடுகள் முழுவதும் நீங்க 1998 ஆனது. வேகத்தைப் புகழ்கிறவர்கள் இந்த 32 ஆண்டுகளையும் விலைப்பட்டியலில் எழுதிக்கொள்ள வேண்டும்.

## வழி 3: எல்லாம் ஒரே கூரையில்

ஆட்கள் குறைவு, ஏன் இரண்டு அலுவலகம், இரண்டு தலைவர், இரண்டு கணினி அறை? உள்நாடும் வெளிநாடும் ஒன்றாகட்டும். காகிதத்தில் பார்த்தால் இதைவிட அறிவான யோசனை இல்லை. சுவிட்சர்லாந்து 2010-இல் அப்படி இணைத்தது. 2012-இல் அங்கே வேலை பார்த்த கணினிப் பணியாளர் ஒருவர் தரவுகளை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார். அதைச் சேவை தானாகக் கண்டுபிடிக்கவில்லை. அவர் கணக்குத் தொடங்க முயன்றபோது ஒரு வங்கி சந்தேகப்பட்டுச் சொன்னது. எல்லா முட்டையும் ஒரே கூடையில் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

லக்சம்பர்க் இன்னும் சின்னது, அங்கே கதை இன்னும் நெருக்கமானது. ஒரே உளவுச் சேவை, பிரதமரின் நேரடிப் பொறுப்பு. சேவையின் தலைவர் பிரதமரோடு தனியே பேசிய உரையாடலைக் கைக்கடிகாரத்துக்குள் ஒளித்த கருவியால் பதிவு செய்தார். அது வெளிவந்து, நாடாளுமன்ற விசாரணை நடந்து, 18 ஆண்டுகள் பிரதமராயிருந்த ஜான் குளோட் யுங்கர் 2013 ஜூலையில் விலகலை அறிவித்தார். வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் யுங்கர் மேல் வைக்கப்பட்ட குற்றச்சாட்டு, அவர் சேவையைத் தவறாக ஏவினார் என்பதைவிட, அதைக் கவனிக்கவே இல்லை என்பதுதான். பிரதமருக்கு நேரே பதில் சொல்லும் சேவை, பிரதமருக்கு நேரமில்லாத நாட்களில் யாருக்கும் பதில் சொல்லாத சேவை.

சுவிட்சர்லாந்துக்கு ஒரு பெருமையும் உண்டு. புதிய உளவுச் சட்டத்தை 2016 செப்டம்பரில் மக்கள் வாக்கெடுப்புக்கே விட்டார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். 1989-இல் வெடித்த கோப்பு ஊழல் நினைவில் இருந்த மக்கள் அவர்கள். சுமார் 9 லட்சம் பேர், அமைப்புகளைப் பற்றி அரசு ரகசியக் கோப்பு வைத்திருந்தது அன்று தெரிந்தபோது நாட்டின் மக்கள்தொகை 70 லட்சத்தைக்கூடத் தொடவில்லை.

## வழி 4: பெரியவர் தோளில், அல்லது அண்டைவீட்டாரோடு பங்கு

மிகச் சின்ன நாடுகளுக்கு இது தேர்வுகூட இல்லை, நிலைமை. 1988 நவம்பர் 3 அன்று மாலத்தீவுத் தலைநகரை இலங்கையிலிருந்து கடல்வழி வந்த புளொட் இயக்கத்தின் ஆயுதக்குழு கைப்பற்ற முயன்றது. முன்னறிவிப்பு எதுவுமில்லை. அன்றிரவே ஆக்ராவிலிருந்து பறந்த இந்தியப் படை விமான நிலையம் இருக்கும் ஹுலுலே தீவில் இறங்கி நிலைமையை மீட்டது. காரிபியனின் டொமினிக்காவுக்கு அதைவிட நல்ல யோகம். அரசைக் கவிழ்க்கப் புறப்பட்ட கூலிப்படையினர் பத்துப் பேர் 1981 ஏப்ரலில் நியூ ஆர்லியன்ஸ் அருகே, கப்பல் ஏறும் முன்பே, அமெரிக்க அதிகாரிகளிடம் சிக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில் செஷல்ஸ் விமான நிலையத்தில், உல்லாசப் பயணிகள் வேடத்தில் வந்த கூலிப்படையின் பெட்டியில் துப்பாக்கியைக் கண்டது ஒரு சுங்க அதிகாரி. எந்த உளவுத்துறையும் இல்லை.

இந்த வழியின் விலைதான் மிகவும் மறைமுகமானது.

முதலாவது, நண்பர் சொல்ல விரும்புவதை மட்டும் சொல்வார். ரெயின்போ வாரியர் விவகாரத்தில் குண்டு வைத்ததே நட்பு நாடு. அதே 1985-இல் அணு ஆயுதக் கப்பல்களை அனுமதிக்க மறுத்ததும் நியூசிலாந்துக்கு அமெரிக்கா தந்துகொண்டிருந்த உளவுத் தகவல் சுருங்கியது. கொள்கையில் ஒரு "முடியாது" சொன்னால் குழாய் இறுகும்.

இரண்டாவது, கைமாறு. 2021-இல் டென்மார்க் ஒலிபரப்பு நிறுவனம் வெளியிட்ட செய்தி, டேனிஷ் ராணுவ உளவுத்துறையின் ஒத்துழைப்போடு அமெரிக்கா கடலடிக் கம்பிவடங்கள் வழியே ஜெர்மனியின் அங்கேலா மெர்க்கல் உள்ளிட்ட அண்டைநாட்டுத் தலைவர்களை வேவு பார்த்தது என்றது. ஒரு நண்பருக்காக இன்னொரு நண்பரின் சுவரில் காது வைத்த நிலைமை. சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ நிறுவனம் விற்ற ரகசியக் குறியீட்டு இயந்திரங்களை 120-க்கும் மேற்பட்ட நாடுகள் நம்பி வாங்கின. நிறுவனம் 1970 முதல் அமெரிக்க, ஜெர்மன் உளவுத்துறைகளின் சொத்து என்பது 2020-இல்தான் வெளிவந்தது. சின்ன நாடுகள் காசு கொடுத்து வாங்கிய பூட்டுக்கு மாற்றுச்சாவி வேறொருவர் கையில் இருந்தது.

மூன்றாவது, உள்நாட்டு அரசியல். உதவ வந்த படை ஒருநாள் தேர்தல் முழக்கமாகும். மாலத்தீவில் 2023 தேர்தலுக்குப் பின் இந்திய ராணுவத்தினர் 2024 மே மாதத்துக்குள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பெரியவரிடம் போகாமல் சின்னவர்கள் தங்களுக்குள் சேர்வது நான்காம் வழியின் நல்ல வடிவம். கிழக்குக் காரிபியன் நாடுகள் 1982-இல் பார்படோஸில் தலைமையகம் வைத்து வட்டாரப் பாதுகாப்பு அமைப்பை உருவாக்கின. 2007 உலகக் கோப்பைக் கிரிக்கெட்டுக்காகக் காரிபியன் நாடுகள் சேர்ந்து தகவல் பகிர்வு மையம் ஒன்றையும் அமைத்தன. ஒவ்வொரு தீவும் தனித்தனியே பகுப்பாய்வாளர்களைத் தேடி அலைவதைவிட இது நயம். ஒரு நாட்டில் ஆட்சி மாறி நம்பிக்கை குலைந்தால் முழு வலையும் தளரும் என்பதுதான் இதன் கண்டம்.

## ஒரே பார்வையில்

| வழி | பலம் | மறைமுக விலை | பொருந்தும் நிலைமை |
|---|---|---|---|
| போலீசுக்குள் பிரிவு | துப்புக்கும் கைதுக்கும் தூரம் குறைவு | வழக்கு மனப்பான்மை, அமைச்சரின் கை | உள்நாட்டு வன்முறையே முதல் கவலை, நீதிமன்றம் வலுவானது |
| தனிச் சேவை, கைது இல்லை | குடிமகனுக்குக் காப்பு | இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே பள்ளம் | நிலையான ஜனநாயகம், அமைதியான அண்டை |
| தனிச் சேவை, விசாரணை உண்டு | உளவாளியை வழக்கில் நிறுத்தலாம் | அதிகாரக் குவிப்பு | பகையான பெரிய அண்டை நாடு |
| ஒரே கூரை | ஆளும் பணமும் மிச்சம் | ஒரு ஓட்டை, மொத்தக் கசிவு | ஆட்கள் மிகக் குறைவு, கண்காணிப்பு மட்டும் தனி |
| தோள் அல்லது பங்கு | எட்டாத தகவல் கிடைக்கும் | கொள்கையில் கயிறு | சில லட்சம் மக்கள், தீவுகள் |

## எப்போது எது

பக்கத்தில் பகையான பெரிய நாடு இருந்தால் எஸ்டோனியா வழிதான். அங்கே உளவாளி என்பவர் கற்பனைக் கதாபாத்திரமில்லை, அமைச்சகத்தில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர். வழக்குக் கட்டும் திறன் சேவைக்குள்ளேயே வேண்டும். சிங்கப்பூர் பக்கம் சரியாமலிருக்க ஒரே நிபந்தனை: கைதான ஒவ்வொருவரும் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும்.

அச்சம் வெளியிலிருந்து இல்லாமல் உள்ளே புகையும் வன்முறையிலிருந்து என்றால், போலீஸ் பிரிவே மேல். ஊர்க்காவலர் காதில் விழுவது உடனே பயன்பட வேண்டும். ஆனால் நாடாளுமன்றம் நியமிக்கும் கண்காணிப்புக் குழு அதே நாளில் பிறக்கட்டும், ஊழல் வெடித்து ஆணையம் உட்காரும்வரை காத்திருக்கக் கூடாது. நார்வேயும் சுவிட்சர்லாந்தும் அதற்குப் பல பத்தாண்டுகள் செலவழித்துவிட்டன.

சில லட்சம் மக்கள் மட்டும் வாழும் நாட்டுக்கு வெளிநாட்டு உளவுச் சேவை வேண்டாம் என்றே சொல்வேன். தூதரகத்தில் கூர்மையான இரண்டு பேரும், கப்பல் முனையத்தில் விழிப்பான சுங்க அதிகாரியும், அண்டை நாடுகளோடு பங்கு மையமும் போதும். கண்காணிப்புக்குத் தகுதியான ஆட்கள் உள்நாட்டில் கிடைக்காவிட்டால் ஓய்வுபெற்ற அயல்நாட்டு நீதிபதியைக்கூட அழைக்கலாம். உறவினர் வட்டத்துக்கு வெளியே இருப்பவர் என்பதே அவருடைய முதல் தகுதி.

எந்த வழியானாலும் முதல் ஆண்டுச் செலவை ஒட்டுக்கேட்கும் கருவியில் போடாதீர்கள். ஐந்தாறு பேர் கொண்ட மதிப்பீட்டு மேசை ஒன்றில் போடுங்கள். போலீஸ், ராணுவம், சுங்கம், குடியேற்றம், வெளியுறவு எல்லாவற்றிலிருந்தும் வருவது அங்கே சேர வேண்டும். பிரதமர், எதிர்க்கட்சித் தலைவர் இருவருக்கும் ஒரே நாளில் அந்த மேசை எழுதி அனுப்ப வேண்டும். வந்த எச்சரிக்கையை யார் பெற்றார், எத்தனை மணிக்குப் பெற்றார், என்ன செய்தார் என்று மூன்று கட்டங்கள் கொண்ட பதிவேடு அந்த அறையில் இருக்க வேண்டும். 2019 ஏப்ரலில் கொழும்பில் அப்படி ஒரு பதிவேடு இருந்து, மூன்றாவது கட்டம் காலியாகக் கிடப்பதை யாராவது ஏப்ரல் 10 அன்று பார்த்திருந்தால், அதன்பின் 11 நாட்கள் மிச்சமிருந்தன.